இல்லாத அழுகல்

தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் தொழில். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தரகு நிறுவனத்தின் மாடியில், நீண்ட மேசைமேல் வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிவிட்டு, ஒரே ஒரு சொல் சொல்வேன். கருகல் என்பேன்; சாரமில்லை என்பேன். பின்னால் வரும் எழுத்தர் அதை அப்படியே குறித்துக்கொள்வார். எவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. பதினைந்து ஆண்டுகள் இப்படிக் கழித்தவனுக்குத் தன் சொல் எங்கே போய்ச் சேர்கிறது என்பது மறந்துவிடுகிறது; அல்லது மறந்தவன் போல இருக்கப் பழகிவிடுகிறான். நான் இவ்விருவரில் எவன் என்பதை இன்றும் துணிந்து சொல்ல இயலவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில், கடலில் தனியே பாய்விரித்துச் செல்லும் ஆசை எனக்கு உண்டாயிற்று. நாடு திரும்பிய ஒரு துரை விட்டுச்சென்ற நூல்களிடையே, பழைய பாய்ப்படகு வாங்குவோர்க்கான கையேடு ஒன்று கிடைத்ததே காரணம். தனியாள் ஓட்டும் படகு இருபத்தைந்து அடிக்கு மேற்படலாகாது. பாய்க்கயிறுகள் எல்லாம் சுக்கான் பிடித்தவன் கைக்கு எட்ட வேண்டும். அடிப்பலகைகளை மரச்சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும், கணீரென்றால் நல்ல மரம், மந்தமாக ஒலித்தால் அழுகல். இவற்றை இலக்கண நூற்பாக்களைப் போல மனப்பாடம் செய்தேன். வில்லிங்டன் தீவுக்குப் பயணிகள் படகில் போய்வந்ததைத் தவிர எனக்கு வேறு நீரனுபவம் கிடையாது.

விற்பனைக்கு இருந்த படகு ஒரு ஸ்ராங்கிடம் இருந்தது. இயந்திரப்படகு செலுத்துபவரை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். துறைமுகத்து இழுவைப்படகில் ஓய்வுபெற்றவர் அவர். மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். அவருடைய தமிழில் பாதி மலையாளம். படகு, கொச்சி ஆசாரிகள் அயினிப் பலகையில் கட்டியது. அதைத் தனியாகவே கடலில் ஓட்டிவந்த வேறொரு துரை, ஊரைவிட்டுப் போகையில் இவரிடம் ஒப்படைத்து, “கடலுக்குப் போகிறவன் கையில் கொடு, கரையில் சாகவிடாதே” என்று கேட்டுக்கொண்டாராம். நான்கு ஆண்டுகளாக அதைக் கழுவித் துடைத்துக் காத்திருந்தார். உணவகத்து முற்றத்தில் அழகுக்கு நிறுத்தக் கேட்ட ஒருவரைப் படியேற விடவில்லை. என்னைத்தான் நம்பினார்.

என் மனைவி ஒருமுறை உடன் வந்து, படகின் சிறு அறைக்குள் குனிந்து பார்த்தாள். படுக்கை ஒன்றே இருந்தது.

“ஒரு ஆளுக்குத்தான் எடமா? அப்ப நான் எங்க இருக்க?”

“நீ கரையில நின்னு கையக் காட்டு.”

“காட்டுதேன். போறீயளா, ஓடி வாறீயளான்னு பாக்கணும்லா.”

ஸ்ராங்கு வாய்விட்டுச் சிரித்தார். “சேச்சிக்கு ஆளெத் தெரியும் ஸாறே!”

வெள்ளோட்டத்திற்கு ஒரு ஞாயிறு காலை புறப்பட்டோம். துறைமுக வாயை நெருங்கியதும், பின்னால் வந்துகொண்டிருந்த வள்ளத்தில் அவர் இறங்கிக்கொண்டார். “இனி ஸாறு தனியே. ஞான் பின்னாலே உண்டு.” சிறிது தொலைவு நன்றாகவே போயிற்று. பிறகு திறந்த கடலின் முதல் அலை படகைத் தூக்கியது. காற்று பக்கம் மாறியது; பாயின் அடிக்கழி தலைக்கு மேலே அடித்துச் சுழன்றது. நான் சுக்கானை விட்டுவிட்டுப் பாய்மரத்தின் அடியை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்ராங்கு ஏறிவந்து பாயை இறக்கும்வரை என் விரல்கள் பிரியவில்லை.

“பேடிக்கண்டா ஸாறே. துரையும் ஆத்யம் ரெண்டு நாள் வாந்திதான்.”

“பயமெல்லாம் இல்ல ஸ்ராங்கே. கயிறு வழுக்கிட்டு” என்றேன்.

அடுத்த ஞாயிறு, அடிப்பலகைகளைப் பார்ப்பதற்காகக் கும்பளங்கியில் ஓர் ஆசாரியின் இடத்தில் படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அச்சத்தைத் தவிர வேறேதேனும் ஒரு காரணம் எனக்குத் தேவைப்பட்டது. சுத்தியை எடுத்து முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். கணீர், கணீர் என்று வந்த ஒலி, நடுப்பகுதியில் அமுங்கிற்று. மீண்டும் தட்டினேன். மந்தமான ஒலிதான்.

“அழுகல்” என்றேன். கிண்ணத்தின் முன் நிற்கையில் வரும் அதே குரல்.

ஸ்ராங்கு பலகையில் காதை வைத்தார். “உள்ளதாணோ ஸாறே?”

“உள்ளதுதான்.”

அந்தக் கணத்தில் நான் பொய் சொல்லவில்லை. நூல் கூறியதையே கூறினேன். ஆயினும் அவ்வொலியைக் கேட்டதும் என்னுள் எழுந்தது மகிழ்ச்சி. அதை மறைக்கவே முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து அந்த ஆசாரி படகுத்துறையில் என்னை மறித்தார். “ஸாறே, ஆ எடத்துலே உள்ளே இரும்புக்கட்டி அடுக்கியிருக்கு, படகு சாயாம இருக்க. அதான் ஒச்சை அடைஞ்சது. நேத்து எல்லாம் எடுத்துட்டுத் தட்டினேன். மணி போலே!”

“ஸ்ராங்குகிட்டச் சொன்னீரா?”

“நம்பண்டே? என் அளியன், பெண்டாட்டியோட தம்பி, மீன்பிடிக்க அதைக் கேட்டிருக்கான். அளியனுக்காகச் சொல்றேன்னு நெனைக்கிறார். ஸாறு வந்து ஒருவட்டம் தட்டினா மதி, அவர் நம்பிடுவார்.”

“ஞாயித்துக்கெழம வாறேன்” என்றேன். போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. படகு நல்லது என்று சொன்னால் ஒன்று அதை வாங்க வேண்டும். அல்லது வாங்காததற்கு உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் எனக்கு நெஞ்சில்லை. புதுப் பருவத்துத் தேயிலை வந்து குவிந்திருந்தது. வேலை மிகுதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு முற்பகலில் ஸ்ராங்கே சுவையறையின் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். எழுத்தரும் உதவியாளர் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

“ஒருக்காகூடிச் சொல்லணும் ஸாறே. ஆசாரி நல்ல மரம்ங்கிறான். அவனுக்கு அதுலே கார்யம் உண்டு. ஸாறுக்கு லாபமும் இல்லே, நஷ்டமும் இல்லே. அதான் ஸாறிடம் கேக்கிறேன்.”

என் கையில் கரண்டி இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எனக்கு உண்மை தெரியும்.

“சந்தேகமே இல்ல” என்றேன்.

அவர் கிண்ணங்களைப் பார்த்தார். “அப்போ பொளிச்சிடறேன், பலகை பலகையா உடைச்சு. அழுகினதைக் கொடுத்து ஒருத்தனைக் கடல்லே முக்கப்படாது. துரைகிட்ட வாக்குக் கொடுத்தது போகட்டும், மனுஷன் சாகக்கூடாதில்லே?” படியிறங்கும் முன் திரும்பி, “ஸாறு பாத்தது நன்னாச்சு” என்றார்.

உதவியாளர் அடுத்த கிண்ணத்தை நகர்த்தினார். நான் சுவைத்து, ஏதோ ஒரு சொல் சொன்னேன். எழுத்தர் குறித்துக்கொண்டார். அப்போதே படியிறங்கி ஓடியிருந்தால் தெருமுனையில் அவரைப் பிடித்திருக்கலாம். அந்த வரிசையில் முப்பது கிண்ணங்களுக்குமேல் மிச்சமிருந்தன. அத்தனையையும் சுவைத்து முடித்தேன்.

சனிக்கிழமை மாலைவரைதான் பொறுக்க முடிந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற உறுதியுடன் கும்பளங்கிக்குப் போனேன். படகு இருந்த இடத்தில் பலகைகள் அடுக்கப்பட்டிருந்தன. கோடரி பட்ட இடங்களில் மரம் மஞ்சளாக, அன்று அறுத்ததைப் போல் இருந்தது. ஆசாரி என்னைக் கண்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு, நீர்க்கரைப் பக்கம் நடந்தார்.

ஸ்ராங்கு தரையில் குந்தியிருந்தார். ஒரு பலகையை மடிமேல் சாய்த்து, பேனாக்கத்தியின் முனையால் விரற்கடைக்கு ஒரு குத்தாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்தவை அவருடைய இடப்பக்கம், பாராதவை வலப்பக்கம்.

“எல்லாம் நல்ல மரமா இருக்கு ஸாறே” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, குழப்பம்தான் இருந்தது. “ஸாறு சொன்னது இதுலே எவிடெயோ இருக்கும். காணுன்னில்லல்லோ. எந்தப் பக்கம்னு ஸாறுக்கு ஓர்மை உண்டோ?”

அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். வேட்டியை மடித்துக்கொண்டு அவரருகே குந்தினேன். வலப்பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு பலகையை இழுத்து மடியில் கிடத்தி, அழுகலைத் தேடுபவன் போல் அதன்மேல் விரல்களை ஓட்டத் தொடங்கினேன்.