குனிவதை எடுத்துவிட்டார்கள்

ஒரு மனுஷன் குனிந்து நிமிர்வதால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரர்களில் ஒருவராவது என் முன்னால் வந்து நின்றால் இதைத்தான் கேட்பேன். இணையத்தில் ஆறு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம் என்று அணி பிரிந்து சுட்டுக்கொள்ளும் ஆட்டம் அது. மூன்று பாகம் ஒழுங்காக வந்தது. நான்காவது பாகத்தில், ஆளைக் குனிய வைக்கும் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். குனிவது ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறதாம். அதைச் சாதனை போல அறிவிப்பில் வேறு போட்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று பள்ளிக்கூடத்தில் நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் புளியங்குடியில் கம்ப்யூட்டர் டீச்சர். வயது முப்பத்தாறு. இந்த வயதில் துப்பாக்கி விளையாட்டா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயை மேசையில் வைத்துவிட்டு, சண்டை முடிந்ததும் சொல்லு, இட்லிக்குச் சட்னி அரைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் ஆடுவது ஏன் என்று அவருக்குத் தெரியும். சங்கரன்கோவிலில் இருக்கும் என் அண்ணனோடு பேச எனக்கு வேறு வழி இல்லை.

அண்ணன் விசைத்தறி ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு தறிக்கொட்டகைக்குப் போனான். முப்பது தறி ஒரே கூரைக்கடியில் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. இருபத்தைந்து வருஷத்தில் அண்ணனுக்குக் காது பெரும்பாலும் போய்விட்டது. கருவி வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டினால் தறிச் சத்தம் ரெண்டு மடங்காகக் கேட்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டான். போனில் அவனோடு பேச முடியாது. எழுதுவதற்குக் கூச்சம், பிழை வந்துவிடுமோ என்று. எதை அனுப்பினாலும் 'ம்' என்று ஒற்றை எழுத்து வரும். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்துவார்கள். அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஓரமாக நகர்ந்துவிடுவான்.

ஆனால் கொட்டகைக்குள் அவன் ஊமை இல்லை. அங்கே எல்லாரும் கையாலும் உடம்பாலும்தான் பேசுவார்கள். ஊடை நூல் தீர்ந்துவிட்டது, பாவு நூல் அறுந்துவிட்டது, முதலாளி வருகிறார், டீ வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது அவனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் நிற்பேன். அங்கே நின்றே அந்தப் பேச்சு முழுக்க எனக்கும் பழகிவிட்டது. எங்கள் வீட்டில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அந்தப் பேச்சை ஆட்டத்துக்குள் கொண்டுபோனது அண்ணன். மூன்றாம் பாகத்தில் ஆறு பேர் அணிக்குள் நாங்கள் நான்கு பேர் ஒரு கூட்டு: நான், அண்ணன், அவனோடு அதே கொட்டகையில் வேலை பார்க்கும் கூட்டாளிகள் இருவர். திரையில் இருக்கும் சிப்பாய்க்குக் கையை ஆட்டத் தெரியாது. குனிய, நிமிர, திரும்பத் தெரியும். அது போதும் என்று அண்ணன் முடிவு செய்தான். ரெண்டு முறை குனிந்து எழுந்தால் ஊடை தீர்ந்தது, அதாவது குண்டு காலி. குனிந்தபடியே இடமும் வலமும் திரும்பினால் முதலாளி வருகிறார், அதாவது பின்னால் எதிரி. சுவரைப் பார்த்து மூன்று முறை குனிந்தால் பாவு அறுந்தது, என் பக்கத்தில் வா. மற்ற அணிகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கத்து கத்து என்று கத்தும். நாங்கள் சத்தமே இல்லாமல் அடித்துவிட்டு வருவோம். அண்ணன்தான் எங்கள் தளபதி. கல்யாண வீட்டில் ஓரமாக நகர்கிறவன், அங்கே முன்னால் போவான்.

சண்டை இல்லாத நேரத்தில் அந்த ஆட்டத்தின் துறைமுகத்தில் ஒரு படகுத்துறை உண்டு, அதில் நானும் அவனும் போய் நிற்போம். அங்கே நடந்ததுதான் எனக்கு ஆட்டம். அண்ணன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த அன்று, என்னைச் சுற்றிச் சுற்றி ஓடி, கையிலிருந்த குண்டை எல்லாம் வானத்தில் சுட்டுத் தீர்த்தான். என்னவென்று கேட்டு எழுதினேன். 'சீட்டு' என்று ஒரே வார்த்தை வந்தது. கொட்டகையில் பாதித் தறியை நிறுத்தப்போகிறார்கள் என்று அவன் மகள் எனக்கு எழுதிய அன்றும் அங்கேதான் வந்தான். சுவரைப் பார்த்து மூன்று முறை குனிந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. ரொம்ப நேரம் நின்றோம்.

அந்த மூன்றாம் பாகத்தை இழுத்து மூடினார்கள். 'வீரர்களே, நன்றி' என்று ஒரு படம் வந்தது. இத்தனை வருஷம் ஆடியவர்களுக்கு அந்த ரெண்டு வார்த்தைதான் மரியாதை. நான்காம் பாகத்தில் உள்ளே நுழைந்ததுமே கடை. ஆட்டம் அப்புறம். சிப்பாய் தலையில் கேக் வைத்திருக்கிறான், ஒருத்தன் சுறா மீனாக வருகிறான். துப்பாக்கியில் ஜிகினா. குனிவதை எடுத்துவிட்டு, பதிலுக்குக் கடையில் சைகை விற்கிறார்கள். என்ன சைகை? கழுத்தை அறுப்பது போல ஒன்று, வயிற்றைப் பிடித்துச் சிரிப்பது ஒன்று, இடுப்பை ஆட்டுவது ஒன்று. இதை வைத்து ஒருத்தன் தன் தங்கச்சியிடம் என்ன சொல்ல முடியும்? யோசித்துச் செய்தார்களா, யோசிக்காமல் செய்தார்களா? ரெண்டில் எது என்றாலும் எனக்கு ஆத்திரம்தான்.

இவ்வளவு திட்டுகிற நான் அதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். புதிய துறைமுகத்தில் மழை பெய்தால் தரையில் தண்ணீர் தேங்குவதுகூட அச்சு அசலாகத் தெரிகிறது. அதை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வேகமான ஆட்டம் என் கைக்கும் தோதாக இருந்தது. மளமளவென்று தரவரிசையில் மேலே போனேன். தங்க ஓரம் வைத்த பூட்ஸ் ஒன்றும் வாங்கினேன். என் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

கூட்டாகச் சேர்ந்து உள்ளே போக இப்போது மூன்று பேருக்குத்தான் அனுமதி. நாங்கள் நான்கு பேர். அண்ணன் தானாகவே விலகிக்கொண்டான். நீங்க மூணு பேரும் போங்க, நான் தனியா வாரேன் என்று மகளை விட்டு எனக்கு எழுதச் சொல்லியிருந்தான். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவன் புதிய பாகத்தை முதன்முதலாகத் திறக்கப்போகிறான். நான் சரி என்று எழுதினேன். ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தால் எனக்கு அடுத்த பதக்கம். அவனுக்காகக் கொஞ்சம் காத்திருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

அணியில் மீதி மூன்று இடத்தை, தனியாக வருகிறவர்களைக் கொண்டு ஆட்டமே நிரப்பும். அப்படி எங்கள் அணிக்கு ஒரு முயல் வந்து சேர்ந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற முயல் உடுப்பு. தரவரிசை ஆட்டத்தில் பெயர்களை மறைத்து எண் மட்டும்தான் காட்டுவார்கள், அதுவும் நான்காம் பாகத்தின் கைங்கரியம். முயல் சுடவே இல்லை. என் பின்னாலேயே வந்தது. என் முன்னால் வந்து குதித்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக் குதித்தது, மறுபடி என்னைப் பார்த்தது, மறுபடி குதித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரோ லீவு விட்ட பொடியன் வந்து நம் உயிரை வாங்குகிறான் என்று நினைத்தேன். ஆட்டத்தைக் கெடுப்பவரை வெளியே தள்ள வாக்கெடுப்பு வைக்கலாம். நான்தான் வைத்தேன். மற்ற ரெண்டு பேருக்கும், அந்த முயலைத் தள்ளுங்க அண்ணே என்று எழுதினேன். மூன்று ஓட்டும் விழுந்தது. முயல் மறைந்தது. ஜெயித்தோம். பதக்கம் வந்தது.

அன்று மத்தியானம் அண்ணன் மகள் ஒரு படம் அனுப்பினாள். பிற வீரர்களுக்கு இடையூறு செய்ததாக ஓட்டுப் போட்டுத் தள்ளி, அவனுக்கு ஒரு வாரம் தடை. "அத்தை, அப்பா ஒண்ணுமே செய்யல, மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்காங்க, நீங்க கேளுங்க" என்றாள். விடுவேனா நான்? சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு கம்பெனிக்கு எழுதினேன். காது கேளாத ஒரு மனிதனை வெளியே தள்ளியிருக்கிறீர்கள், ஓட்டுப் போட்டவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா, அப்படிப்பட்டவர்களை அல்லவா தடை செய்ய வேண்டும் என்று ரெண்டு பக்கம் எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் அனுப்பியது. அதற்கும் சேர்த்து வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் ஆடித்தபசுத் திருவிழா. தறிகளுக்கு லீவு. பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் சாமி காட்சி கொடுப்பதைப் பார்க்கத் தெற்கு ரதவீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். மேளம், ஒலிபெருக்கி, நாலாபக்கமும் கத்தல். பக்கத்து ஆள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள் ஊரே அண்ணனைப் போல ஆகிவிடும். அண்ணன் மட்டும் நிம்மதியாக நின்றான். வெள்ளாமை நல்லா வரணும் என்று சம்சாரிகள் சாமிக்கு வீசிய பருத்தி அவன் தலையில் ஒட்டியிருந்தது. நான் எடுத்துவிட்டேன். தடையைப் பற்றிக் கையாலேயே கேட்டேன். அவனுக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது, அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவான்.

"குனியத்தான் விட மாட்டேங்கானுவ. அதான் குதிச்சுச் சொன்னேன், பாவு அந்துட்டு, பக்கத்துல வான்னு. ஒருத்தி இடது செவுத்த ஒட்டியே போனா. நீ அப்படித்தான போவ. நீதான்னு நெனச்சு அவ பின்னாடியே போனேன்" என்றான்.

சுவரைப் பார்த்துக் குதித்த முயல் கண்ணுக்குள் வந்தது. மூன்று முறை. எண்ணிப் பார்த்திருந்தால் மூன்று முறை. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருத்தி நான். அண்ணன் சிரித்தான்.

"அப்புறம் வெளிய தள்ளிட்டாங்க. அப்பதான் தெரிஞ்சது, அது நீ இல்லன்னு. நீயா இருந்தா தள்ளிருப்பியாட்டி?"

மாட்டேன் என்று சும்மா தலையாட்டியிருக்கலாம். அவன் கண்டுபிடித்திருக்கவே மாட்டான். இத்தனை நாளாக ஊர் பேர் தெரியாத கம்பெனிக்காரனைத் திட்டிய வாய் எனக்கு. கொட்டகையில் ஒருவன் தவறால் துணி கெட்டுப்போனால், மற்றவர்கள் பார்க்கத் தன் நெஞ்சில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டுவான். என் மேல்தான் தப்பு என்று அர்த்தம். நான் தட்டினேன்.

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் குவித்து, விளங்கவில்லை, திரும்பச் சொல் என்றான். மறுபடி தட்டினேன். மறுபடியும் காதில் கை வைத்தான். மூன்றாம் முறை பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்க்க, கண்ணில் நீர் வழியத் தட்டினேன். அப்போதுதான் அவன் கையை இறக்கினான். நான் கேட்காமலே தள்ளி நின்று எனக்கு முன்னால் இடம் விட்டான், சாமி தெரியட்டும் என்று.