தேதிச் சீட்டு

எங்கள் தெருவில் யாராவது போனில் பழைய பொருள் எதையாவது வாங்குவதென்றால், முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டிவிடுவார்கள். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குப் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதும், அதைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனதும் நான்தான் முதல். அதனால் விற்கிறவன் நல்லவனா ஏமாற்றுக்காரனா என்பது எனக்குத் தெரிந்துவிடும் என்று தெருவே நம்பியது. நானும்தான் நம்பினேன்.

எனக்கென்று சில விதிகள் இருந்தன. விற்பவனின் விளம்பரப் பக்கம் புதிதாகத் தொடங்கியதா, அவன் முகம் அதில் இருக்கிறதா, ஏன் விற்கிறாய் என்று கேட்டால் நேராகப் பதில் வருகிறதா என்று பார்ப்பேன். நமக்கு அவசரம் என்பதை மட்டும் அவனிடம் காட்டவே கூடாது. கடைசியாகத் தேதிச் சீட்டு. ஒரு துண்டுத் தாளில் அன்றைய தேதியை எழுதி, பொருளின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பொருள் கையில் இல்லாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

பக்கத்து வீட்டு அத்தையின் மகன் ஒருமுறை பாதி விலைக்கு பைக் என்று துள்ளிக்கொண்டு வந்தான். விற்பவன் ராணுவ உடையில் படம் போட்டிருந்தான். சீட்டு கேட்டதும் ஆள் காணாமல் போய்விட்டான். அன்றிலிருந்து அத்தை போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கும்: "இவனுக்குப் பொண்ணு பாத்தாலும், பொண்ணு தலையில சீட்ட வெச்சு போட்டோ அனுப்பச் சொல்லுவான் பாருங்க!" அதைக் கேட்டு அப்பா என்னைவிட அதிகமாகச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

அப்பா அரியலூர் பக்கத்துக் கல் குவாரிகளில் வேலை பார்த்தவர். இருமல் முதலில் காலையில் மட்டும் இருந்தது, பிறகு நாளெல்லாம் இருந்தது. போன வருடம் மூச்சு முட்டி, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துவிட்டார். மூன்றாவது வாரம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நுரையீரல் இனிமேல் சரியாகாது, வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ள முடிந்தால் அழைத்துப் போகலாம் என்றார்.

அப்பாவுக்கு அது ஒன்றே போதும். வீட்டில் சினை ஆடு ஒன்று நின்றது. அது குட்டி போடுவதற்குள் போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. தினமும் நான் வார்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கேள்விகள் வரும். "மிஷின் வந்துச்சா? ஆடு குட்டி போட்டுச்சா?"

புது மிஷின் எங்களுக்குக் கட்டாது. போனில் தேடினேன். இரண்டு பேர் கிடைத்தார்கள்.

ஒருவர் தா.பழூர்க்காரர். பக்கம் தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவர் முகம் இல்லை. மங்கலான ஒரே ஒரு படம், மிஷினின் மேல்பாதியைத் துண்டு மூடியிருந்தது. வீட்டிலிருந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

"என்னத்துக்குங்க விக்கிறீங்க?"

"இனிமே தேவப்படலங்க தம்பி."

"இன்னிக்கே வந்து பாக்கலாமா?"

"இன்னிக்கு வேணாம். ஒன்பது நாள் கழிச்சு வாங்க. உங்களுக்குன்னே எடுத்து வெக்கிறேன்."

"ஏன், இப்ப என்ன?"

"இப்பத் தோதில்ல தம்பி."

"சரி, ஒரு தாள்ல தேதி எழுதி, மிஷின் மேல வெச்சு ஒரு போட்டோ அனுப்புங்க."

"அதுவும் இப்ப முடியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. மிஷினு யாருக்கு?"

என் விதி நினைவுக்கு வந்தது. "தெரிஞ்சவங்களுக்கு" என்றேன்.

போனை வைத்ததும் அம்மா சொன்னது: "கொரலப் பாத்தா பொய் சொல்றவரு மாதிரி தெரியலயேடா. அரியலூர் போயி பஸ் மாறுனா ஊரு. ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கொரல வெச்சா ஆளக் கண்டுபிடிப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும். நீதான் படிச்சவன்."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னது. அவர் முன்பணம் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்காமல் இல்லை. முதலில் நம்பவைத்துப் பிறகு கேட்பான் என்று நானே அதற்கொரு காரணம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு ஏழை ஏமாறக் கூடாது என்று, அவர் பக்கத்தை ஏமாற்று என்று குறித்துப் புகாரும் அனுப்பினேன். அன்று நல்ல காரியம் செய்த நிம்மதியோடு சாப்பிட்டேன்.

இரண்டாமவன் வெளியூர். பேச்சுக்குப் பேச்சு சார் போட்டான். தேதிச் சீட்டோடு படம் பத்தே நிமிடத்தில் வந்தது. மிஷின் ஓடும் வீடியோ, பழைய பில், எல்லாம் கேட்பதற்கு முன்பே வந்தன. என் விதிகள் அத்தனையிலும் தேறினான். பணத்தை அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. ஆட்டோவில் ஏற்றி நேராக வார்டுக்கே கொண்டுபோனேன். பெட்டியைப் பார்த்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "வரேங்க, பையன் மிஷின் எடுத்தாந்துட்டான். நல்லா வெசாரிச்சுதான் வாங்குவான்" என்று விடைபெற்றார். அம்மா டம்ளரையும் போர்வையையும் பையில் திணித்தது.

நர்ஸ் அக்கா சுவர்க் குழாயைக் கழற்றி, புது மிஷினின் குழாயை அப்பா மூக்கில் மாட்டினார். மிஷின் நன்றாகத்தான் சத்தம் போட்டது. விரலில் மாட்டிய கிளிப்பில் எண் இறங்கிக்கொண்டே போனது. அப்பாவின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு அக்கா அவசரமாகப் பழைய குழாயை மாட்டினார்.

"தம்பி, இது வெறும் காத்த ஊதுது. உள்ள ஒண்ணும் இல்ல."

அவன் எண்ணை அங்கேயே அழைத்தேன். போகவில்லை. பிறகும் போகவில்லை.

அப்பா மெதுவாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். "விடுடா. மாத்திக் குடுப்பான்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஆடு குட்டி போட்டது. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா திரையைக் கண்ணருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "தேதிச் சீட்டு... வெச்சு எடுத்தியா?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில், அதே கட்டிலில், அவர் போய்விட்டார். வெள்ளைச் சட்டையை ஆஸ்பத்திரியிலேயே அவருக்குப் போட்டுவிட்டோம். அதோடுதான் வீட்டுக்கு வந்தார்.

மூன்றாம் நாள் என் போன் அடித்தது.

"தம்பி, தா.பழூர்லேருந்து பேசுறேன். நேத்தோட எங்க வூட்டுக்காரிக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு. இனிமே வந்து எடுத்துக்கலாம். போனவங்க பொருள பதினாறு கழியாம வூட்ட வுட்டு வெளிய எடுக்கக் கூடாதும்பாங்க எங்க பக்கம், சொந்தக்காரங்க மேல கை வெக்கவே வுடல. அத அப்பவே சொன்னா வாங்குறவங்களுக்கு மனசு கோணுமேன்னுதான் சொல்லல."

அப்பாவுக்குத்தான் கேட்டேன் என்றும், அவர் போய்விட்டார் என்றும் சொன்னேன்.

"அப்பாவுக்கா? தெரிஞ்சவங்களுக்குன்னீங்களே தம்பி..." என்றார். "உசிரோட ஒரு ஆளு மூச்சுக்குத் தவிக்கிறாருன்னு தெரிஞ்சா பதினாறாவது ஒண்ணாவது, அன்னிக்கே தூக்கிக் குடுத்திருப்பேனே. அவளே குடுக்கச் சொல்லியிருப்பா."

எங்கள் வீட்டிலும் பதினாறு முடிந்த பிறகு, அரியலூரில் பஸ் மாறி தா.பழூர் போனேன். எதற்கு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் வீட்டு மூலையில் மிஷின் இருந்தது, மேலே அதே துண்டு. ஆனால் போனிலிருந்து காணாமல் போயிருந்த அவருடைய விளம்பரம், எத்தனை தடவை போட்டும் திரும்ப ஏறவே இல்லை.

"நாந்தான் என்னமோ தப்பா அழுத்தித் தொலச்சிட்டேன் போலருக்கு. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க தம்பி" என்று போனை நீட்டினார்.

"நீங்க ஒண்ணும் தப்பா அழுத்தலங்க" என்றேன். "ஏமாத்துன்னு புகார் பண்ணுனது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். இனி வெளியே போகச் சொல்வார் என்று நின்றேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

"வெயில்ல வந்துருக்கீங்க, குடிங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிளக்கைச் சொருகி மிஷினை ஓட்டிக் காட்டினார். வார்டில் அன்று கேட்ட அதே சத்தம்தான் கேட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை.

என் போனில் புதிதாக விளம்பரம் எழுதினேன். விற்பதற்கான காரணம் என்ற இடத்தில், மனைவிக்காக வாங்கியது, அவர் இறந்துவிட்டார் என்று போட்டேன். அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் எழுதச் சொன்னார், எழுதினேன். கடைசியில் அவராகவே காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, துண்டை எடுத்துவிட்டு, மிஷின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே தம்பி, இப்படித்தானே?"

"இப்படித்தாங்க" என்றேன். படம் தெளிவாக வர மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.