பழைய மாணவர் நேர்முகமும் பகேரியாக் கல்லும்

நேர்முகத்துக்கு என் முன்னால் வந்த முதல் விண்ணப்பதாரி அபிராமி. கூடவே அவள் அப்பா சிவநாதன் அண்ணையும் வந்திருந்தார். இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாச் சதுக்கத்தில் என் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கபேயில் உட்கார்ந்ததும் அவர் ஒரு தடித்த பைலை என் பக்கம் தள்ளினார். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி, பிறப்புப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு, எல்லாம் அதில் இருந்தன.

"அண்ணை, இதொண்டும் தேவையில்லை."

"பாருங்கோ தம்பி. பிறகு காட்டேல்லை எண்டு சொல்லக்கூடாது."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அமெரிக்காவில் படித்துவிட்டுப் பலெர்மோவுக்கே வேலைக்குத் திரும்பினேன். நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு இங்கிருந்து யாராவது விண்ணப்பித்தால், பழைய மாணவன் என்ற முறையில் சந்தித்துப் பேசி அறிக்கை எழுதுவேன். சம்பளமில்லாத வேலை.

ஆங்கிலத்தில் தொடங்கினேன். என்ன படிக்க விருப்பம்? "மருத்துவம்." ஏன்? "மக்களுக்கு உதவ." ஓய்வு நேரத்தில்? "படிப்பேன்." அண்ணைக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் பதில் கொஞ்சம் நீண்டால் இருமினார். அவள் உடனே நிறுத்தினாள். கோப்பி ஆறுமுன் என் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அறிக்கையில் எழுத ஒன்றும் இல்லை.

தமிழுக்கு மாறினேன். "ஏன் அண்ணை, பிள்ளையைக் கதைக்க விடுறியள் இல்லை?"

"கூடக் கதைச்சா மாட்டுப்படுவம் தம்பி. அகதி விசாரணையிலை என்னோடை வந்த ஒருத்தன் கேக்காததையும் சொன்னவன். ஒரு திகதி பிசகிப்போச்சு, அவன்ரை கேஸ் அதோடை சரி. கேட்டதுக்கு மட்டும் பதில். எழுதிக் குடுத்ததை மாத்தக்கூடாது. அப்பிடித்தான் நான் இண்டைக்கு இஞ்சை நிக்கிறன்."

அவரைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளக்கினேன். நேர்முக அழைப்பு வந்ததால் இடம் கிடைத்துவிட்டது என்றும் இல்லை, சந்தேகப்படுகிறார்கள் என்றும் இல்லை. பக்கத்தில் பழைய மாணவர் ஒருவர் இருந்தால் அழைப்பார், அவ்வளவுதான். அழைப்பு வராதவர்களும் தெரிவாகிறார்கள். அவள் புள்ளிகளும் விண்ணப்பமும் என்னிடம் இல்லை, முடிவும் என்னுடையதல்ல.

"புள்ளியிலை தெரியாத பிள்ளையைப் பற்றித்தான் நான் எழுதவேணும் அண்ணை. அவ கதைச்சாத்தான் எழுதலாம்."

அவர் பைலைத் தன் பக்கம் இழுத்து மூடினார். பிறகு எழுந்தார்.

"பிள்ளை, நான் சொன்னதெல்லாத்தையும் விடு. உன்ரை பாட்டுக்குக் கதை. நான் வெளியிலை போறன், இஞ்சை இருந்தா இருமல் வரும்."

தன்னைக் காப்பாற்றிய 'கேட்டதுக்கு மட்டும் பதில்' என்ற விதியை மகளுக்காக அந்த இடத்திலேயே கைவிட்ட அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புத்தான்.

கதவு மூடியதும் அபிராமி சொன்னாள்: "அண்ணா, எனக்கு ரத்தம் கண்டாலே தலை சுத்தும்."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பக்கத்து ஊரான பகேரியாவில் அம்மா துப்புரவு செய்யும் பழைய மாளிகையின் சுவர்க்கல் ஏன் மாவாய் உதிர்கிறது? கடல் உப்பா, மழையா? உதிர்ந்த தூளை மிளகாய்த்தூள் போத்தலில் சேர்த்து, நுரைக்கிறதா என்று வினாகிரி ஊற்றிப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா அதைக் கறிக்குப் போடப் பாத்தவா. மம்மா மியா!"

நான் ஏதோ சொல்ல, "அப்பிடியில்லை அண்ணா" என்று என்னோடு வாதாடினாள். அன்று என் அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டியது. விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, இந்த நேர்முகத்தில் உங்களை மாட்டிவிட யாரும் காத்திருப்பதில்லை. மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், அது நேற்று எழுதியதிலிருந்து மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நாங்கள் கதைத்து முடிந்ததும் அண்ணை உள்ளே வந்தார். "கிடைக்குமோ தம்பி?"

"தெரியாது அண்ணை."

"இவ்வளவு நேரம் என்னத்தைக் கதைச்சவள்?"

"கல்லைப் பற்றி."

"கல்லோ? அப்ப டாக்டர்?"

அபிராமி நிலத்தைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வா. ரயிலிலை எனக்கும் முதலிலை இருந்து சொல்லு."