நிறுத்திய பின் ஏறும் சூடு

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஓடும்போது தொல்லை தராது. நிறுத்தினால்தான் தரும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் இரண்டு கார்புரேட்டர்களும் புகை போகும் இரும்புக் குழாய்க்கு நேர் மேலே இருந்தன. ஓட்டத்தில் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நின்றதும் குழாயின் சூடு மேலே ஏறி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்துவிடும். பிறகு எத்தனை முறை சாவியைத் திருகினாலும் வண்டி கிளம்பாது.

கார், செங்கல்பட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற அணுசக்தி அதிகாரி ஒருவருடையது. என் அப்பா அவரிடம் டிரைவர். எங்கே நிறுத்தினாலும் அப்பா பானெட்டைத் திறந்து வைத்துச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு நிற்பார். நான் கல்லூரியில் படித்த நாளில், டீக்கடை வாசலில் ஒருவர், "இன்னா அண்ணாத்த, வண்டிக்கு வேர்க்குதா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படாளத்தில் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அதில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மெக்கானிக்கல் முடித்துச் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்ததும், அந்தச் சூட்டுக்கு வழி செய்கிறேன் என்று காரின் சொந்தக்காரரான சாரிடம் நானே போய்ச் சொன்னேன். மாமல்லபுரம் வழியாகத் திருவிடந்தை வரை போய், நிறுத்தி, மறுபடி கிளம்பிவிட்டால், திரும்பும்போது நான் ஓட்டலாம் என்றார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை ஏற்றிப்போன அப்பா, ஒரு தடவையாவது அந்தக் காரில் இடது பக்கம் உட்கார்ந்து வர வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அலுமினியத் தகடு வெட்டி, குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் நடுவே, இரண்டிலும் படாமல் பொருத்தினேன். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சார் இன்னொரு காரில் பின்னால் வந்தார். திருவிடந்தை வரை வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

சார் பெருமாளைச் சேவிக்கக் கோயிலுக்குள் போனார். அப்பா பானெட்டில் கை வைத்தார்.

"கொஞ்சம் தொறந்து வுடட்டாம்மா?"

"வாணாம்பா. அதான் தகடு கீதே. மறுபடியும் விசிறிகினு நிக்காத."

பூக்கடை முன்னால் நாலு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். தகடு சூட்டை மறைக்கும், அவ்வளவுதான். மூடிய பானெட்டுக்குள் தேங்கும் சூடு வெளியே போக வழி வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினேன். கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவைத்த பிறகே உறுமியது. சார் கோபப்படவில்லை. "நீங்களே ஓட்டிடுங்க" என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார். அடுத்த மாதம் காரை விற்றுவிட்டார்.

இன்று எனக்கே ஒரு கார் இருக்கிறது. அப்பா அதில் என் பக்கத்தில் உட்காருகிறார். ஆனாலும் மனம் கேட்கிற கார் அதுவல்ல.

அன்று திரும்பும்போது மாமல்லபுரம் வரை சவுக்கு மரங்களுக்கு இடையே கடல் என் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. பாருப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.