மெத்தை லாரியும் ஆயிரம் லிட்டர் தண்ணீரும்

விரல் முட்டியால் லாரித் தொட்டியைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போகிறார். மந்தமாக ஒலிக்கும் வரை தண்ணீர் இருக்கிறது. ‘டங்’ என்று ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. தொட்டியின் பக்கவாட்டிலேயே அளவுக் குழாய் இருக்கிறது. அதைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “அது சொல்றது இருக்கட்டும். தொட்டி என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமா?” அடுத்து எஞ்சின் ஆயில். பிறகு குழாய்களின் இணைப்புகள், மொத்தம் ஏழு. ஏழையும் கையால் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்த பிறகுதான் ஓட்டுநர் இருக்கையில் ஏறுவார். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேசிவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து.

தெருவில் அவருக்குப் பெயர் பிரஷ் அக்கா. ஐம்பதை நெருங்குகிறார். பஸ் டிப்போவில் பதினாறு வருடம் நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் பஸ் கழுவியவர். அதனாலோ என்னவோ, வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் உயரம். “ஒரு பஸ்ஸுக்கு இருபத்தாறு ஜன்னல். தூங்கினாலும் கனவுல ஜன்னல்தான் வரும். அதுவும் அழுக்கு ஜன்னல்” என்பார்.

டிப்போவின் மதில் சுவரைக் கழுவ ஒருநாள் வெளியிலிருந்து ஒரு வண்டி வந்தது. கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தண்ணீரைப் பீச்சினான். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கத் தேய்க்கும் சுவர், கால் மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. நம் பிழைப்பில் மண் விழப்போகிறது என்று மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். இவர் பிரஷ்ஷைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த வண்டியை மூன்று முறை சுற்றிவந்தார். “அவன் கழுவுனதை நான் எங்க பாத்தேன்? வண்டில எது எது எங்க இருக்குன்னுதான் பாத்தேன்.”

நிரந்தர வேலையை விடுகிறார் என்று கேள்விப்பட்டு அவருடைய அண்ணன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். என் ஜன்னல் அவர்கள் வாசலுக்கு நேர் எதிர், மாடியில். அதனால் கேட்காமலே கேட்டது.

“வேலைய விட்டுட்டு தண்ணி பீச்சப் போறியா?”

“பதினாறு வருசமா அதைத்தானேண்ணே பண்றேன். இனிமே கொஞ்சம் வேகமா பீச்சப் போறேன்.”

வாங்கியது ஒரு பழைய சின்ன லாரி. அதுவரை மெத்தைக் கடைக்கு மெத்தை ஏற்றித் திரிந்தது. பக்கவாட்டில் தூங்கும் பெண்ணின் படம் பாதி அழிந்து இருந்தது. தெரு வெல்டர் ஸ்டீல் தகட்டில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று செய்து, பம்பையும் அதை ஓட்டும் எஞ்சினையும் முன்பக்கம் வைத்து, தொட்டியை லாரியின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். “நிரப்புறதுக்கு வசதிக்கா” என்றார். அவருக்கும் அக்காவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தெருவே அக்கா என்கிறது, அவரும் சொல்கிறார்.

தொட்டி நிறையத் தண்ணீரோடு முதல் ஓட்டம். தெருமுனை வளைவில் அக்கா ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது, லாரி திரும்பவில்லை. பின்னால் ஒரு டன் கனம் உட்கார்ந்து அமுக்க, முன்சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்பே இல்லை. எதிர்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. பிரேக் போட்ட வேகத்தில் தொட்டித் தண்ணீர் உள்ளே ஓடிவந்து முட்டி, நின்ற லாரியை இன்னும் நாலு விரல் தள்ளியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர். தையல்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். “இது வேணாம்மா” என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அந்த லாரியில் கால் வைக்கவில்லை.

அக்கா என்னவோ லாரிமீது கோபப்படவில்லை. “மெத்தை தூக்கிப் பழகுன பய. திடீர்னு தொட்டியத் தூக்குடான்னா எப்படித் தூக்குவான்? எங்க வச்சா தூக்குவான்னு நாமதான் பாக்கணும்.” ஏற்றிய அத்தனையையும் அன்றே இறக்கினார். பிறகு கணவரிடம் போய் நின்றார்.

“என்னங்க, உங்க வேலைதான். அளவெடுத்து வெட்டணும்.”

அதுதான் தெருவே வேடிக்கை பார்த்த வாரம். தையல்காரர் கழுத்தில் டேப்போடு தரையில் உட்கார்ந்து தொட்டிக்கு இடுப்பளவு எடுத்தார். எஞ்சினுக்கு நீளம், பம்புக்கு உயரம், குழாய் சுற்றும் உருளைகளுக்கு வட்டம். ஒவ்வொன்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டிக் கொடுத்தார். அந்த அட்டைகளை வெற்று லாரியில் பரப்பி, மாற்றி, இறங்கிவந்து பார்த்து, மறுபடி ஏறி மாற்றுவார் அக்கா. அட்டைத் தொட்டி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே குறுக்காக வந்து நின்றது. அட்டை எஞ்சினும் அட்டைப் பம்பும் கடைசிக்குப் போயின. புகை வெளியே போக வேண்டும். ஏறாமலே கைக்கு எட்டவும் வேண்டும். பம்பு தொட்டியின் அடியைவிடத் தாழ்வாக. “தண்ணி தானா இறங்கி வரணும். பம்பு ஏங்கி ஏங்கி இழுக்கக் கூடாது.”

எல்லாம் அமைந்த பிறகு தெருவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். துப்பாக்கி மாட்டும் கொக்கி, சோப்பு கேன், ஸ்பேனர் பெட்டி. கை தடுமாறினால் அந்த அட்டை இடம் மாறும். வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். “அட்டைய வச்சு கண்ணாமூச்சி ஆடுறாங்கப்பா!”

அவருக்கும் வேலை வந்தது. தொட்டியை வெட்டித் திறந்து உள்ளே மூன்று தடுப்பு வைக்க வேண்டும் என்றார் அக்கா. “செஞ்ச தொட்டிய வெட்டச் சொல்றீங்களா?” என்று வெல்டர் குதித்தார். அக்கா ஒரு பெரிய தட்டில் பாதியளவு தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். “அந்தக் கம்பம் வரைக்கும் வேகமா போங்க. போய் டக்குனு நில்லுங்க.” போனார், நின்றார். பேன்ட் முழுக்க நனைந்து திரும்பினார். மறுநாள் தொட்டியை வெட்டினார்.

தண்ணீர் பாயும் முனைகள் நிறத்துக்கு ஒன்றாக ஐந்து உண்டு. அவற்றைப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறார். ஊசிபோலப் பாயும் சிவப்பு முனைக்குப் பெயர் கோவக்காரன். விசிறிபோல விரியும் வெள்ளைக்குச் சாது. “கோவக்காரனை வேலைக்குக் கூப்பிடறதே இல்ல. ஒருநாள் செங்கல்லயே கோடு போட்டுட்டான்.”

சின்னச் சின்ன வாசல்களும் கார் ஷெட்டுகளும் கழுவி ஆறு மாதம் ஓடியது. அப்போதுதான் நகரின் பெரிய மார்க்கெட்டின் மேனேஜரைப் போய்ப் பார்த்தார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மீன் கடைப் பகுதியை மட்டும் கொடுத்தார். மாதத்தில் ஒருநாள் மார்க்கெட்டுக்கு விடுமுறை. அந்த ஒருநாளில், சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிந்தால் மொத்த மார்க்கெட்டும் மாதாமாதம் அவருக்கு. “இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கம்மா. இது போகாத அழுக்கு” என்றார்.

அன்று காலை லாரி புறப்படும்போது தையல்காரர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தெருமுனை வளைவில் கண்ணை மூடிக்கொண்டார். வேடிக்கை பார்க்கவென்று தொற்றிக்கொண்டு பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். லாரி திரும்பியது. கண்ணைத் திறந்து, “நல்லா திரும்புதே” என்றார். “நீங்க வெட்டுன அளவுதான்” என்றார் அக்கா. வெல்டர் பைக்கில் பின்னால் வந்தார்.

மீன் கடைத் தரை கறுப்பு. கால் வைத்தால் ஒட்டும். எத்தனையோ வருடத்துச் செதிலும் எண்ணெயும் செருப்பு மண்ணும் ஒரு விரல் தடிமனுக்கு இறுகிக் கிடந்தது. அக்கா சோப்பை ஊற்றி ஊறவிட்டு, எஞ்சினைப் போட்டு, சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுத்தரமான பச்சை முனையை மாட்டி, முதல் பட்டையை இழுத்தார். அழுக்கு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் ஏதோ ஒரு நிறம் தெரிந்தது. நனைந்த வெளிச்சத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

பத்தரை மணி இருக்கும். தரையில் கால்பங்கு முடிந்திருந்தது. திடீரென்று பம்பிலிருந்து தகரத்தில் கல்லை உருட்டுவது போல ஒரு சத்தம். துப்பாக்கி அவர் கையில் விக்கியது.

“பம்பு போச்சு” என்றார் வெல்டர். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா எஞ்சினை அணைத்தார். தொட்டியை விரல் முட்டியால் தட்டினார்; மேல்வரை மந்தமாகவே ஒலித்தது. “பம்பு நல்லாத்தான் இருக்கு. தாகத்துல கத்துறான்.” பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே சிவப்பாகத் துருத்தூள் அடைத்திருந்தது. தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது மார்க்கெட்டின் பழைய இரும்புக் குழாய். தண்ணீரோடு துருவையும் அள்ளி அனுப்பியிருக்கிறது. வடிகட்டியைக் கழுவிவிடலாம். கழுவினால் அரை மணி நேரம் ஓடும், மறுபடி அடைக்கும். விடுமுறை நாளில் வேறு குழாயும் கிடையாது.

“குழாய் வாயில துணி கட்டணும். நெருக்கமான துணி. ஆனா சின்னதா கட்டுனா தண்ணி வராது. நீளமா, பை மாதிரி...” அக்கா கையால் காற்றில் காட்டிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அவர் போட்டிருந்தது புதுச் சட்டை, முழுக்கை, அன்றைக்கென்றே தைத்தது. இடது தோளில் கத்தரியை வைத்து ஒரே சுற்று. சட்டைக்கையை உருவி, மணிக்கட்டுப் பக்கம் முடிச்சுப் போட்டு, தோள் பக்கத்தைக் குழாய் வாயில் இறுக்கிக் கட்டினார். குழாயைத் திறந்ததும் சட்டைக்கை விறைத்து எழுந்தது. நெடுக நூறு நூறு ஊசி ஓட்டைகளில் தெளிந்த தண்ணீர் கசிந்து, தொட்டிக்குள் கொட்டியது. துரு உள்ளேயே தங்கியது.

“இன்னொரு கையும் இருக்கு. தேவைப்பட்டா சொல்லு” என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் வெல்டரும் சேர்ந்துகொண்டார். மேனேஜர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு பம்பு விக்கவே இல்லை. பட்டை பட்டையாகத் தரை விடிந்துகொண்டே வந்தது. நடுப்பகலில் விடுமுறைக்கு வீட்டில் இருந்த மீன்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் கூடினார்கள். ஒரு மீன்கார அம்மா இடுப்பில் கைவைத்துக் கத்தினார். “அடியாத்தீ, சிவப்புக் கல்லுடி இது! பூவெல்லாம் போட்டிருக்கு!”

சிவப்புத்தான். அடர்ந்த சிவப்பு ஓடுகள். நாலு ஓடு சேரும் இடத்தில் ஒரு வெள்ளைப் பூ. ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசை பிசகாமல் பூக்கள்.

மேனேஜர் “இருபத்திரெண்டு வருசமா இங்க நடக்கறேன். இது சிமென்ட் தரைன்னுல்ல நெனச்சேன்” என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னார். வெல்டரிடம் இரண்டு முறை சொன்னார்.

கடைசி மூலை முடிந்தபோது ஐந்தே கால். எஞ்சின் நின்ற அமைதியில் தண்ணீர் சாக்கடைக்கு ஓடும் சத்தம் மட்டும். மேனேஜர் ஓரத்திலேயே நின்றார்; ஷூவோடு இறங்க அவருக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் மேனேஜர் அல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“எல்லா எடமும் சரியா போயிடுச்சாம்மா?”

அக்கா ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஈரச் சாக்ஸை உருவி அதற்குள் திணித்தார். வெறுங்காலோடு மீன் கடைத் தரையில் இறங்கி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, அவசரமே இல்லாமல் நடந்தார். திரும்பி வேறொரு வரிசை வழியாக நடந்து வந்தார். மேனேஜருக்கு எதிரே வந்ததும் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி, உள்ளங்காலை அவருக்குத் திருப்பிக் காட்டினார்.