கருவாட்டின் மேல் பழி

ராயபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் படிக்கட்டு முழுக்க எலிப் புழுக்கை. ஒருநாள் குளியலறைக்குள் நுழைந்தாலே அழுகல் நாற்றம் வர ஆரம்பித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இன்னா சார், ஏரியாவுக்குப் புச்சா நீ? மாடில மேல்வூட்டு அக்கா கருவாடு காய வெச்சிக்கினு கீது. நாறாம சென்ட்டா அடிக்கும்?"

மூன்று முறை போனேன், மூன்று முறையும் கருவாடுதான். வெட்கக்கேடு, இங்கேயே பிறந்து வளர்ந்த நானும் கடைசியில் அதை நம்பிவிட்டேன். எது நாறினாலும் மீன்மேல் பழியைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். பத்து நாள் அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்தோம்.

பதினோராம் நாள் காலை, கொப்பளிக்கும்போது நாக்கில் ஏதோ ஒட்டியது. துப்பிப் பார்த்தேன். ஒரு கொத்து மயிர். மாடிக்கு ஓடித் தொட்டி மூடியைத் தள்ளினேன். வயிறு உப்பி, தோல் கழன்று, ஒரு பெருச்சாளி மிதந்தது.

செயலாளரைக் கையோடு இழுத்துவந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். செத்ததை வாளியில் அள்ளியதும் நான்தான், தொட்டியைக் கழுவியதும் நான்தான்.

மாலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய அறிவிப்பு வந்தது:

"துர்நாற்றப் புகார் காரணமாக, நாளை முதல் மொட்டைமாடியில் கருவாடு காயவைக்கத் தடை."