மேவிஸ் கேட்ட கால் மணி நேரம்

கில்பர்ட் தோர்லியின் படங்களில் பார்த்தே ஆக வேண்டியவை ஐந்து என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று படங்களுக்கு நான் விளக்கு போட்டவன். ஒரு படத்தின் மாடிப்படிக் காட்சியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். மேவிஸ் டிரான்டர் பெயர் எங்கும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மேவிஸ் கன்டின்யூட்டி பார்த்தவள். ஒரு ஷாட்டில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, கோட்டில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று குறித்து வைத்து, அடுத்த ஷாட்டிலும் அப்படியே வரச் செய்வது அவள் வேலை. லண்டனுக்கு வெளியே எங்கள் ஸ்டுடியோவில் ஆறு வருடம் இருந்தாள். வீட்டில் போரில் கால் இழந்த தம்பி. அவள் சம்பளத்தில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். தோர்லியிடம் அவளுக்கு முன் இருந்த இருவரும் ஆளுக்கு ஒரு தவறில் வேலை இழந்தவர்கள். ஒருத்தி தொப்பியால் போனாள், இன்னொருத்தி பாதி எரிந்த சிகரெட்டால்.

வேறு டைரக்டர் படத்தில் அதெல்லாம் யார் கண்ணிலும் படாது. தோர்லி அப்படியில்லை. கொலைகாரன் யார் என்று முதல் பத்து நிமிடத்தில் நமக்குச் சொல்லிவிடுவார். கதாநாயகிக்கு மட்டும் சொல்ல மாட்டார். அப்புறம் தியேட்டர் முழுவதையும் ஒரே பொருளைப் பார்க்க வைப்பார். அந்த மாடிப்படிப் படத்தில் அது ஒரு ரயில் டிக்கெட். அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, கீழே நிற்கும் கணவனை நோக்கிக் கதாநாயகி படியிறங்க வேண்டும்.

1951 நவம்பர், ஒரு வியாழன். தூரத்து ஷாட் காலையில் முடிந்தது. கையிலிருந்து முகத்துக்கு ஏறும் கிட்டத்து ஷாட்டை மாலை ஐந்தேகாலுக்கு முடித்தோம். கதாநாயகி அன்றிரவே அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறாள். மறுநாள் காலை படிக்கட்டைப் பிரித்துவிடுவார்கள்.

ஐந்தரைக்கு மேவிஸ் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஸ்டான், உன் கைக்கட்டு எந்தக் கைல?"

"இடது கைல. பல்பு சுட்டுடுச்சு. ஏன், முத்தம் குடுக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. செட்டில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காட்டினாள். அதில் கட்டு என் வலது கையில் தெரிந்தது.

"காலைல விளக்கும் கேமராவும் அடைச்சுக்கிச்சு, எனக்கு நேரா தெரியல. இந்தக் கண்ணாடியப் பாத்துத்தான் எழுதினேன். இடதுன்னு எழுதிட்டேன், ஸ்டான். அவ டிக்கெட்ட வச்சிருந்தது வலது கைல. இப்ப எடுத்தது இடது கைல."

நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கினாள்.

"கேமரா இன்னும் அங்கயேதான் இருக்கு. கால் மணி நேரம் குடு."

எங்கள் வேலை நேரம் ஐந்து ஐம்பதுக்கு முடியும். கேமரா வைத்தாகிவிட்ட ஷாட்டை முடிக்க மட்டும் கூடுதலாகக் கால் மணி நேரம் கேட்கலாம் என்பது வழக்கம். தொழிற்சங்கப் பிரதிநிதி சரி சொன்னால் உண்டு. பிரதிநிதி நான். அந்த வாரம் நிர்வாகம் மாலை டீயை நிறுத்தியிருந்தது. டீ வரும்வரை ஒரு நிமிடம்கூடத் தருவதில்லை என்று எங்கள் ஆட்களைக் கைதூக்க வைத்திருந்தேன்.

"முடியாது. வேணும்னா அவரே வந்து கேக்கட்டும்."

"அவர்கிட்ட சொன்னா என் வேலை போயிடும்."

"அப்போ நோட்டத் திருத்திடு. வலதுன்னுதான் எழுதினேன், அந்தம்மாதான் மாத்திப் பிடிச்சாங்கன்னு சொல்லு. அவங்கதான் ஊருக்குப் போறாங்களே."

இந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு நேராக தோர்லியின் நாற்காலிக்குப் போனாள். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பத்தொன்று. அப்புறம் எழுந்து என்னிடம் வந்தார். நான்கு வருடத்தில் முதல் தடவை.

"கால் மணி நேரம் வேணும்."

"டீ வேணும்."

"நாளைலேர்ந்து வரும். நான் பொறுப்பு."

ஆட்களைப் பார்த்தேன். எல்லாக் கையும் உயர்ந்தது.

பாதி மேக்கப் கலைத்திருந்தவளைத் திரும்பக் கூட்டி வந்து சரிசெய்து நிறுத்தும்போது ஐந்து ஐம்பத்திரண்டு. முதல் தடவை அவளுக்கு இருமல் வந்தது. இரண்டாவதில் என் விளக்கு ஒன்று அணைந்தது. மாற்றிக்கொண்டிருந்தபோது மேவிஸ் படியோரம் நின்று, "வலது, வலது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு மூன்றாவது ஓடியது. கை. டிக்கெட்டின் ஓரம். முகம். தோர்லி தலையாட்டினார். மணி ஆறு நாலு.

"நாளைக்கு நான் வரணுமா சார்?" மேவிஸ் கேட்டாள்.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதில் காலையில் ஸ்டுடியோ கேட்டிலேயே வேலைநீக்கக் கடிதமாக வந்தது. நான் தயாரிப்பு மேனேஜர் பெல்லமியிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"அந்தம்மா உங்க சங்கமா?" என்றான்.

"இல்ல. ஆனா..."

"அப்போ உனக்கென்னப்பா? டீ கேட்டே, குடுத்தாச்சு."

கன்டின்யூட்டி ஆட்களுக்கு வேறு சங்கம். விதி அவன் பக்கம்தான். ஆனாலும் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் எங்கள் ஆட்கள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஜெயித்த கையோடு இன்னொரு சண்டை வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

பதினொரு வாரம் கழித்து அவளுக்கு ஒரு சோப்பு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தப் பதினொரு வாரமும் அக்காவும் தம்பியும் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் போய்க் கேட்கவில்லை.